எங்களைக் கையில் வைத்திருப்பவர்

பாகிஸ்தானோடு தூதரக உறவை வைத்துக்கொள்வதா, முறித்துக்கொள்வதா என்று டெல்லிக்காரர்கள் எண்பத்தொன்றாம் வருஷம் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களால் முடியாவிட்டால் போகட்டும், ஆரணியே முடிவு செய்துவிடலாம் என்று வேணுகோபால் முதலாளி இறங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோட்டை மைதானத்தில் பொதுக்கூட்டம், டெல்லிக்கு அனுப்ப ஒரு தீர்மானம். குதிரை வண்டியில் மைக் கட்டிக்கொண்டு, தெருத் தெருவாக "உறவை முறி, உறவை முறி" என்று இரண்டு நாளாகக் கத்திக்கொண்டு போனார்கள். அந்தக் குதிரைக்கு மட்டும்தான் இதில் அபிப்பிராயம் இல்லை.

அந்த நாட்டு ராணுவத் தலைவன் அமெரிக்காக்காரனிடம் புதுப் போர் விமானங்கள் வாங்கப் போகிறான் என்று பேப்பரில் வந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வந்தவாசியைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைக்காதவர்கள் எல்லாம் டீக்கடை பெஞ்சில் எல்லைக்கோடு கிழித்துக் காட்டினார்கள். வேணுகோபாலுக்கு மேடை ஆசை உண்டு, அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. அந்த ஆள் சொந்த ஜனங்களையே மைதானத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கிறான் என்று படித்துவிட்டு அவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

"அப்பேர்ப்பட்டவன் வூட்ல நம்மாளு ஒருத்தரு கோட்டு போட்டுகினு போய் டீ குடிக்கிறாரு, கை குலுக்கறாரு. நமக்கு வெக்கம் வாணாமா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது ஆதிலட்சுமி மட்டும் அந்த மைக்கை யாராவது நிறுத்த மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேணுகோபாலின் பட்டுத்தறிக் கொட்டகையில் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் பட்டு நூலை ராட்டையால் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தறியில் இருப்பவன் கை நிற்கக் கூடாது. சொந்த ஊர் தேவிகாபுரம் போகிற பாதையில் ஒரு கிராமம். நிலம் நீச்சு எதுவும் கிடையாது. புருஷன் துரைக்கண்ணு பட்டாளத்தில் சேர்ந்த பிறகுதான் அந்த வீடு மாதச் சம்பளம் என்றால் என்னவென்று பார்த்தது. எழுபத்தொன்று டிசம்பரில் மேற்கு எல்லையில் நடந்த சண்டையில் அவன் காணாமல் போனான். தந்தியில் அப்படித்தான் வந்தது, காணவில்லை என்று. செத்தான் என்று வரவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் பத்து வருஷம் ஓட்டிவிட்டாள்.

அந்தச் சொல் மட்டும் இருந்திருந்தால் எப்போதோ விட்டிருப்பாள். தந்தி வந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. துரைக்கண்ணு கடைசி லீவில் வந்தபோது ஒரு டிரான்சிஸ்டர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு நாள் சாயங்காலம் அவன் தம்பி தருமன் அதைக் காதருகே வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது மீசை அரும்புகிற வயசு. எதிரி நாட்டு ஸ்டேஷன் ஒன்றில் பிடிபட்ட நம் சிப்பாய்களின் பெயர்களைப் படிக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஆதிலட்சுமி அடுப்பில் களி கிளறிக்கொண்டிருந்தாள். இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண்குரல், கொஞ்சமும் அவசரமில்லாமல், துரைக்கண்ணு என்றது. தகப்பன் பெயர் சுப்பன் என்றது. தாலுக்கா ஆரணி என்றது. பிறகு மறுபடியும் இரைச்சல்.

அவள் களித் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"தருமா, கேட்டியா? கேட்டியாடா?"

"கேட்டேன் அண்ணி. அண்ணன் பேருதான்," என்றான் தருமன்.

வீட்டில் அப்போது வேறு யாருமில்லை. அதற்கப்புறம் எத்தனையோ நாள் திருகிப் பார்த்தும் அந்தப் பெயர் திரும்ப வரவில்லை. பிடிபட்டவர்கள் திரும்பி வந்தபோது துரைக்கண்ணு வரவில்லை. அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று அந்த நாடு சொல்லிவிட்டது. நம் அரசாங்கம் அதை அவளுக்குத் தெரியப்படுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

ஆனால் அந்தக் குரல் போகவில்லை. ராட்டையைச் சுற்ற உட்கார்ந்தால் வரும். பட்டப்பகலில், நாலு தறி அடிக்கிற சத்தத்துக்கு நடுவில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் வரும். துரைக்கண்ணு, சுப்பன், ஆரணி. புருஷன் பெயரை வாயால் சொல்லாமல் வளர்ந்தவள் அவள். ஆபீசுகளில் கேட்டால் தருமன்தான் சொல்வான். அதனால் அந்தப் பெயரை அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த எதிரிதான். அவனுக்கு ஒரு முகமும் அவளாகவே வைத்திருந்தாள். ஒல்லி, கண்ணாடி போட்டவன், கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே படிப்பவன். படித்து முடித்ததும் யாரோ அவனுக்கு டீ கொண்டுவந்து கொடுப்பார்கள். அவன் இப்போது உயிரோடிருக்கிறானோ என்றுகூட அவளுக்குக் கவலை உண்டு.

புருஷன் குரல் அவளுக்கு மறந்துபோய்விட்டது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முகம் இருந்தது, நடை இருந்தது, முதுகில் இருந்த அம்மைத் தழும்பு இருந்தது. குரல் மட்டும் வரவே வராது. கண்ணை மூடி எவ்வளவு கூப்பிட்டாலும் துரைக்கண்ணு அந்தக் கண்ணாடிக்காரன் குரலில்தான் பேசினான்.

எழுபத்தியேழில் அந்த நாட்டை ராணுவத் தலைவன் ஒருவன் பிடித்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குப் புதுப் பயம். சொந்த ஜனத்தையே அடிக்கிறவன் அடுத்த வீட்டுப் பிள்ளையை என்ன செய்ய மாட்டான்? அவனை வைதுகொண்டிருந்தால் ஆகுமா? அவன் உடம்புக்கு ஒன்றும் வரக் கூடாது, அவனுக்குக் கோபம் வரக் கூடாது, ராத்திரி நன்றாகத் தூங்கிக் காலையில் சிரித்த முகத்தோடு எழுந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஜெயிலில் கிடப்பவனுக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாக விழும். இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பொன்னியம்மன் கோயிலுக்குப் போய், அந்தச் சவுக்குக்காரன் நல்லா இருக்கணும் என்று அர்ச்சனை செய்ய ஆரம்பித்தாள். இந்தியாவில் அவனுக்காகத் தேங்காய் உடைத்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்த வாரம்தான் அதற்குப் பலன் கிடைத்ததுபோல் ஒன்று நடந்தது. வேலூரில் பட்டாளத்துக் குடும்பங்களைக் கவனிக்கிற ஆபீசில், காணாமல் போனவர்களின் வீட்டாரை அந்த நாட்டு ஜெயில்களுக்கு அழைத்துப்போய்க் காட்டலாமா என்று மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார் குமாஸ்தா. கொஞ்சமாவது அத்தாட்சி இருப்பவர்களுக்குத்தான் முதல் இடம். ரேடியோவில் பெயரைக் கேட்ட சாட்சி அடுத்த மாசம் நேரில் வந்து சொல்ல வேண்டும்.

"ஆனா ஒண்ணும்மா. ரெண்டு நாட்டுக்கும் பேச்சுவார்த்த இருக்கற வரைக்கும்தான் இதெல்லாம். நடுவுல முறிஞ்சிச்சுன்னா அப்புறம் யார்கிட்ட போய் கதவத் தொறக்கச் சொல்றது?" என்றும் சொன்னார்.

அதைக் கேட்டுவிட்டு வந்தவள் காதில்தான் குதிரை வண்டி மைக் அப்படிக் கத்தியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேணுகோபால் கொட்டகைக்குள் வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் பதறி எழுந்தாள்.

"ஒக்காரும்மா, ஒக்காரு. ஞாயித்துக்கெழம மேடையில மொத நாற்காலி உனக்குத்தான்."

"எனக்கு இன்னாத்துக்குங்க முதலாளி?"

"வீரனோட சம்சாரம் நீ. உன்ன வுட்டா இந்த ஊர்ல வேற யாருக்குப் பேச யோக்கியத கீது? ரெண்டே வார்த்த சொன்னா போதும். உறவ முறின்னு."

"அவரு இன்னும்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா. மனசு கேக்காதுதான். ஆனா பத்து வருசம் ஆயிடுச்சு. அவனுங்க கையில சிக்கின ஆளு இன்னும் இருப்பான்னு நீ நம்பறியா?" வேணுகோபால் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. "இன்னொண்ணு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருக்கியா? பூசாரி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. வெள்ளிக்கெழம தவறாம எனக்கு அர்ச்சன பண்ணிகினு வர்றியாமே. கூடப் பொறந்தவளுங்க செய்யலம்மா இத."

கீழே விழுந்த நூல் குச்சியை எடுக்க ஆதிலட்சுமி குனிந்தாள். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அவள் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் இவள் கோயிலுக்கு ஓடினாள். பூசாரி சுப்பராயலு மூக்குப்பொடி மட்டையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"யார் பேருக்குங்க நீங்க இத்தினி நாளா அர்ச்சன பண்ணிகினு இருந்தீங்க?"

"யார் பேருக்கா? முதலாளி பேருக்குத்தான். அவரு நட்சத்திரம்கூட எனக்கு மனப்பாடம்."

"நான் எப்பங்க முதலாளின்னு சொன்னேன்?"

"இன்னா பேஜாரா கீது உன்னோட!" என்றார் சுப்பராயலு. "யாருக்கும்மான்னு கேட்டா பேரச் சொல்ல மாட்டேன்னுட்ட. 'எங்க குடும்பத்தக் கையில வெச்சிருக்கறவருக்கு'ன்ன. நீ அவரு கொட்டாயில தாரு சுத்தற. உன் கொழுந்தன் அவரு பவர்லூம்ல மேஸ்திரி. வேற எவன் கையில கீது உங்க குடும்பம்?"

சொல்லாமல் விட முடியவில்லை. சொல்லிவிட்டாள். யார் கையில் என்று சொன்னாள். சுப்பராயலு முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எதிரிக்காரனுக்கா?"

"அவரு மனசு குளுந்து இருந்தாத்தானுங்க அங்க இருக்கறவங்க நல்லா இருப்பாங்க."

"தாயே, இத எங்கிட்ட சொன்னதோட நிறுத்திக்கோ. வெளிய தெரிஞ்சா உன்ன வுட்டுட்டு என்னத்தான் மொதல்ல ஒதைப்பாங்க."

வெளியே வந்து கோயில் படியில் உட்கார்ந்தவளுக்கு அழுகை வரவில்லை. நாலு வருஷத்து அர்ச்சனை தப்பான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இந்த நாலு வருஷத்தில்தான் வேணுகோபாலுக்கு வயிற்றுப்புண் ஆறியது, இரண்டு பெண்களுக்கும் நல்ல இடம் அமைந்தது, கைத்தறிக் கொட்டகைக்குப் பக்கத்தில் பவர்லூம் கொட்டகை எழுந்தது. அவர் சிரித்த முகத்தோடுதான் எழுந்திருக்கிறார். அங்கே இருப்பவன் என்ன முகத்தோடு எழுந்தான், அன்றைக்கெல்லாம் ஜெயிலில் என்ன நடந்தது என்பதை அவள் வெள்ளி வெள்ளியாக எண்ணிப் பார்த்தாள். தான் வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொல்லாததால் ஒரு மனுஷன் பட்டினி கிடந்திருப்பான் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

சனிக்கிழமை தருமனிடம் மேடை விஷயத்தைச் சொன்னாள். துரைக்கண்ணு போன பிறகு கிராமத்திலிருந்து அவளை ஆரணிக்கு அழைத்துவந்து, வேலை வாங்கிக்கொடுத்து, ஒரே வீட்டில் வைத்திருப்பவன் அவன்தான். வேலூருக்கு வருஷத்தில் நாலு தடவை அவளோடு பஸ் ஏறுகிறவனும் அவன்தான். எந்த ஆபீசிலும் "நானும் கேட்டேன் சார், எங்க அண்ணன் பேருதான் சார்" என்று தயங்காமல் சொல்வான். அவன் பெண்டாட்டி சின்னம்மா இதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

"நான் மேடை ஏற மாட்டேன் தருமா. ஏறினா அவரு செத்துட்டாருன்னு நானே சொன்னாப்பல ஆயிடும். வேலூர் காரியமும் கெட்டுடும்."

"மாட்டேன்னா முதலாளிக்கு நான் இன்னா பதில் சொல்றது? இப்பதான் மேஸ்திரியா போட்டுகீறாரு. சும்மா போய் ஒக்காந்துட்டு வந்துடு அண்ணி. மைக்க குடுத்தா ஒரு கும்புடு போட்டுட்டு எறங்கிடு."

"அடுத்த மாசம் வேலூர்ல வந்து சொல்லுவ இல்ல?"

"சொல்றேன், சொல்றேன்," என்றான் தருமன், சட்டையை மாட்டிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை மைதானம் நிரம்பிவிட்டது. அன்றைக்கு ஒரு தறியும் ஓடவில்லை. களம்பூர் ரைஸ் மில்லிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். மேடையில் வரிசையாக டியூப் லைட். முதல் நாற்காலியில் ஆதிலட்சுமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்குவது எப்படி என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள். மேடைக்காரர்கள் அதைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேணுகோபால் நன்றாகத்தான் பேசினார். சவுக்கடியைச் சொன்னபோது கூட்டம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. "இவன்கிட்ட உறவு வெச்சிகினு இருக்கறதும், அந்தச் சவுக்க நாம ஒரு கை புடிச்சிகினு இருக்கறதும் ஒண்ணுதான்," என்றார். ஆதிலட்சுமிக்கே அது சரி என்று பட்டது. பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"இதோ, வீரமரணம் அடைஞ்ச துரைக்கண்ணுவோட சம்சாரம். இந்தத் தங்கச்சி இன்னா செய்யறா தெரியுமா? தன் துக்கத்த மனசுலயே வெச்சிகினு, வெள்ளிக்கெழம தோறும் எனக்காக அர்ச்சன பண்றா. எனக்காக!"

கை தட்டல். யாரோ அவளை மைக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் கும்பிட்டாள். இறங்கியிருக்கலாம். ஆனால் வீரமரணம் என்கிற வார்த்தை அவ்வளவு பெரிய மைதானத்தில் கொம்பு ஸ்பீக்கர் வழியாகப் போய் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. அதைத் திரும்ப எடுக்காமல் இறங்க அவள் தயாரில்லை.

"அவரு சாவலைங்க," என்றாள். மைக் கீச்சிட்டது. "அவரு பேர ரேடியோல படிச்சாங்க. அங்கதான் கீறாரு. அந்த அர்ச்சன முதலாளிக்கு இல்லைங்க. பூசாரி தப்பா நெனச்சிகினாரு. அந்த நாட்டுல ஆளறாரே, அவருக்குத்தான் நான் பண்ணது. அவரு நல்லா இருக்கணும்னு."

பிறகு பின்வரிசையில் யாரோ ஒருவன் குபீரென்று சிரித்தான். அது பரவியது. அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. வேணுகோபாலைப் பார்த்துத்தான் மைதானமே சிரித்தது. தனக்கு வந்த அர்ச்சனை என்று மார்தட்டிக்கொண்டது பாகிஸ்தான்காரன் அர்ச்சனை என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"முறிக்காதீங்க," என்று அவள் சிரிப்புக்கு நடுவே கத்தினாள். "அவரு நல்லவருன்னு சொல்லல. ரெண்டு வூட்டுக்காரங்க சண்ட போட்டுகினு பேச்ச நிறுத்திட்டா, அந்த வூட்ல மாட்டிகினு கீற நம்ம சாமானத்த யாரு போய் கேக்கறது? எனக்கு அங்க ஆளு கீதுங்க. உங்களுக்கு இல்ல. எனக்கு கீது."

சிரிப்பு அடங்கியது. முன்வரிசையில் சிலர் தலை குனிந்தார்கள். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அந்தக் கூட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வேணுகோபாலின் முகம் கறுத்துப் போயிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஊர் முன்னால் சிரிக்கப்பட்டவர். மைக்கைக் கையில் வாங்கினார்.

"சரிம்மா. உன் புருஷன் அங்க கீறாருன்னா எனக்கும் சந்தோசம்தான். தீர்மானத்த இங்கயே கிழிச்சிப் போட்டுடறேன். ரேடியோல பேர கேட்ட சாட்சி ஒருத்தன் கீறான் இல்ல? அவனே சொல்லட்டும். தருமா! எங்க இருக்க? எழுந்திரு."

தருமன் பவர்லூம் ஆட்களோடு நடுமைதானத்தில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றான். ஆதிலட்சுமிக்கு உயிர் வந்தது. இவ்வளவு நேரம் இந்தச் சாட்சி தனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை என்றுகூட நினைத்தாள்.

"உங்கம்மா மேல சத்தியமா சொல்லு. அன்னிக்கு ரேடியோல உங்க அண்ணன் பேரக் கேட்டியா, கேக்கலியா?"

தருமன் முதலாளியைப் பார்த்தான். பிறகு மேடையில் நிற்கிற அண்ணியைப் பார்த்தான். அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்கள் கழுத்தைத் திருப்பி அவனையே பார்த்தார்கள். அவன் வாய் அசைந்தது.

"ஒரக்க சொல்லு."

"கேக்கலைங்க முதலாளி," என்றான் தருமன். "வெறும் எரைச்சல்தான். நான் ஒண்ணும் கேக்கல."

அதற்கப்புறம் கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. யாரோ ஒரு பெண்பிள்ளை வந்து ஆதிலட்சுமியைத் தோளைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கினாள். அந்தத் தீர்மானம் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்ததோ, வழியில் எந்த மூட்டையில் கிடந்ததோ, உறவு என்னவோ முறியவில்லை. அங்கே கோட்டு போட்ட நம் தூதர் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆரணியும் மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்துவிட்டது.

ஆதிலட்சுமி வீட்டுக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாசலில் தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். சோறு போட்டு வளர்த்தவள் முகத்தில் இப்படிக் கரியைப் பூசிவிட்டானே, இனிமேல் அவன் முகத்தில் விழிக்காதே, தனியாகப் போய்விடு, எங்கள் வீட்டில் ஒரு மூலை தருகிறோம் என்றார்கள். எல்லாருக்கும் அன்றைக்கு உறவை முறிக்கிற வேகம். சின்னம்மா அடுப்பங்கரையில் அழுதுகொண்டிருந்தாள்.

"அந்தாளுக்கு சோறு போடாத அக்கா. நானே சொல்றேன். போடாத."

ஆதிலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளை அரித்தது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு முதலாளிக்குப் பயந்து பொய் சொன்னானா? இல்லை, அன்றைக்கு, துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்த அண்ணி முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் கேட்டேன் என்று பொய் சொன்னானா? இரண்டுக்கும் இடம் இருந்தது. வேலைக்குப் பயப்படுகிறவன்தான். அண்ணிக்காக எதையும் சொல்லக் கூடியவனும்தான். இரண்டில் எது என்று தெரிந்தால் துரைக்கண்ணு இருக்கிறானா இல்லையா என்றே தெரிந்துவிடும். அது இந்த உலகத்தில் தருமன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவள் கண்ணை மூடி அந்தக் குரலைக் கூப்பிட்டாள். உடனே வந்தது. துரைக்கண்ணு, சுப்பன், ஆரணி. ஆனால் கண்ணாடிக்காரன் குரலில் வரவில்லை. மீசை அரும்புகிற வயசில் தருமனுக்கு ஒரு குரல் இருந்ததே, பாதி உடைந்து பாதி உடையாமல், அதில் வந்தது. இரண்டாம் தடவை கூப்பிட்டாள். அப்போதும் தருமன்தான் சொன்னான். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பத்து வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஒல்லி மனுஷனைக் காணோம்.

விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் தருமன் வந்தான். உள்ளே வரவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றான். தெருப் பெண்கள் அவனைப் பார்த்து விலகிப் போனார்கள். சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அடிவாங்கத் தயாராக நிற்பதுபோல் நின்றான். என்ன சொன்னாலும் தகும், என்ன கேட்டாலும் சொல்லிவிடுவான் என்று ஆதிலட்சுமிக்குத் தெரிந்தது. இப்போது கேட்டால் உண்மை வந்துவிடும்.

அவள் தட்டை எடுத்து, கழுவி, பாயைப் போட்டு, அதன் முன்னால் வைத்தாள்.

"வா தருமா. சோறு ஆறிடும்."

அவன் வந்து உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அண்ணி, நான் அன்னிக்கு..." என்றான்.

"சாப்புடு மொதல்ல," என்றாள் அவசரமாக. அவன் மேலே சொல்லிவிடப் போகிறானே என்று அவளுக்குப் பயம். குழம்புச் சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அடுத்த மாசம் வேலூருக்கு என்கூட வருவியா?"

தருமன் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தான்.

"வரேன் அண்ணி."

வந்து என்ன சொல்வான் என்று அவள் கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா?" என்றாள்.